தலைப்பலகை

எங்கள் ஊர்ப் பெரிய கடைத்தெருவில் முப்பத்தொரு கடைகள் இருந்தன, இப்போதும் முப்பத்தொன்றுதான் இருக்கின்றன, ஆனால் எந்தக் கடை எங்கே என்று கேட்டீர்களானால் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வோம், ஏனென்றால் வாசலைக் கேட்கிறீர்களா உள்ளைக் கேட்கிறீர்களா என்று நாங்கள் உங்களைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

உப்பு வண்டியும் கருப்பட்டி வண்டியும் வந்த காலத்தில் கட்டிய தெரு. இரண்டு சாரியிலும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கட்டடங்கள், முகப்பில் சுதையில் செய்த கிளியும் கட்டிய வருஷமும், கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும், வருஷத்தில் ஓர் எண் உதிர்ந்திருக்கும். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும், நடுவில் வானம் பார்த்த முற்றம், முற்றத்தில் கிணறு, அதற்கும் பின்னால் சரக்கு அறை, அதோடு சுவர். முன்பக்கம் கதவு கிடையாது. கடைக்கு ஒன்பது பலகை. மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு பள்ளம், அதில் ஒவ்வொன்றாக ஏற்றித் தள்ளிக்கொண்டே போய், ஒன்பதாவதை வைத்து இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்டினால் கடை அடைத்தாயிற்று. முதலில் ஏறுவதற்குத் தலைப்பலகை என்று பெயர். சாயங்காலம் முதலில் ஏறும், காலையில் கடைசியாக இறங்கும். ஒன்பதில் அதுதான் கனம். எந்தப் பலகை யாருடையது என்பதற்கு ஒவ்வொரு கடையும் தனித்தனி அடையாளம் செதுக்கியிருந்தது, ஒருவர் புள்ளி, ஒருவர் மீன், ஒருவர் பிறை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தெரு வழியாகப் பாடை போகும்போது எந்தக் கடையும் வாயைத் திறந்துகொண்டு நிற்கக் கூடாது. சங்குச் சத்தம் கேட்டதும் பலகையை ஏற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்க வேண்டும், பாடை பிள்ளையார் கோயில் முக்குத் திரும்பியதும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர்களும் செய்வார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்களும் செய்வார்கள், ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அந்தப் பங்குனியில் பழமையான தெருக்களைப் பேணுவது என்று ஒரு திட்டம் வந்தது. பேணுவதென்றால் முதலில் பெயின்ட் அடிப்பது என்று முடிவாகி, ஆட்கள் வந்து இருநூற்று எழுபத்தொன்பது பலகைகளையும் மெஷினால் தேய்த்து, புள்ளியும் மீனும் பிறையும் பொடியாகக் கொட்ட, எல்லாவற்றுக்கும் ஒரே கரும்பச்சையை அடித்துத் தெரு நெடுகச் சாய்த்து வைத்தார்கள். நம்பர் நாளைக்கு எழுதலாம் என்றார்கள். சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் வேறு தெருவை நட்டநடுவே குறுக்காக அறுத்துக்கொண்டு கிடந்தது. உச்சி வெயில். அப்போதுதான் வெல்ல மண்டி பொன்னம்பலத்தின் பாடை வந்தது.

சங்கு ஊதியதும் தெருவுக்குக் கை கால் ஓடவில்லை. முப்பத்தொரு கடையும் வாயைப் பிளந்து நிற்கிறது. அவனவன் கைக்குக் கிடைத்த பலகையை எடுத்தான், கிடைத்த பள்ளத்தில் ஏற்றினான், பச்சை கையெல்லாம் ஒட்ட, இது உன்னுது அது என்னுது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. பாடை தூக்கியவர்கள் சாக்கடைப் பள்ளத்தண்டை வந்து தயங்க, யாரோ ஒரு பலகையை எடுத்துக் குறுக்கே போட்டார்கள். அதன் மேல் நடந்து பாடை போயிற்று. நாங்கள் கும்பிட்டபடி நின்றோம்.

முக்குத் திரும்பியதும் பலகைகளை இறக்கினோம். நாட்டு மருந்துக்கடை மசூது பாய் தன் வாசலைத் திறந்தால் உள்ளே எவர்சில்வர் குடங்கள் அடுக்கடுக்காக மின்னிக்கொண்டிருந்தன. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து, "ஏ, எவர்சில்வரு யாருக்குவே?" என்று கேட்டார், சந்தையில் தவறவிட்ட துண்டை விசாரிக்கிறவர் மாதிரி. பாத்திரக்கடைக்காரருக்கு உள்ளே மாட்டுத் தீவனம். தீவனக்கடையில் போட்டோ ஸ்டூடியோ, திரையில் வரைந்த தாஜ்மகாலோடு. வாசலும் கிளியும் பெயர்ப்பலகையும் அதது அங்கங்கே இருக்க, உள்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

செண்பகவடிவின் பொரிகடலைக் கடையில் மட்டும் வேறு மாதிரி. அவள் பலகையை இறக்கிப் பார்த்தபோது உள்ளே கடையே இல்லை, தெரு இருந்தது. இதே தெரு. எட்டிப் பார்த்தவர்களுக்குத் தங்கள் முதுகு தெரிந்தது. மந்திரம் ஆசாரி, தெருவின் மரவேலை எல்லாம் அவர்தான், துணிந்து ஒரு காலை வைத்து உள்ளே போனார். போனவர் அதே வாசல் வழியாக எங்களைப் பார்த்து வெளியே வந்தார்.

"உள்ள என்னவே இருக்கு?" என்று கேட்டோம்.

"நீங்கதாம்வே நிக்கீய," என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

வடிவு அதற்குச் சிரிக்கவில்லை. ஏனென்றால் உள்ளே முற்றத்துக் கிணற்றோரம் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற எல்லோரும் கும்பிட வெளியே வந்துவிட்டார்கள், அவர் ஒருவர்தான் உள்ளே. அவரை எழுப்பாமல் பலகையை ஏற்றியது அவளேதான். பத்து நிமிஷம்தானே என்று நினைத்தாள். எழுப்ப வேண்டுமென்றால் பேச வேண்டும். அவர்கள் பேசி நாலு வருஷம் ஆகிறது.

அந்தச் சண்டை தெருவுக்கே தெரியும். கடை அவள் அப்பாவுடையது, ஆவுடையப்பன் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. பலகையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பு ஷட்டர் வைக்கலாம், தினமும் ஏற்றி இறக்கித் தோள் போயிற்று என்று அவர் சொன்னார். அப்படின்னா நீங்க ஏத்தவேண்டாம் என்று அவள் சொன்னாள். அதோடு சரி. காலையில் கடையில் அவள் இருப்பாள், மதியம் அவருக்குச் சோற்றை எடுத்து வைத்துவிட்டு எழுந்தால் அவர் உட்காருவார். பலகையை இரண்டு வேளையும் அவளே தூக்கினாள். அந்த மாதமே தலைப்பலகை நழுவி அவள் இடது காலில் விழுந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் இடது காலை லேசாக இழுத்துத்தான் நடப்பாள்.

இப்போது தெருவுக்குள் திறந்த கடையின் முன்னால் அவள் நின்றபோது கையிலிருந்த போன் அடித்தது. திரையில் அவர் பெயர்.

"ஏட்டி, கடையை ஏன் அடைச்ச?"

"பொன்னம்பலம் பாடை போச்சு."

"போயாச்சா?"

"போயாச்சு."

"அப்பத் தொறக்க வேண்டியதுதான?"

"தொறந்துட்டேன்."

"தொறக்கலையே. பலகை அப்படியே இருக்கு, நவுட்டவும் முடியல."

"தொறந்துதான் இருக்கு. நீங்கதான் இல்ல."

அந்தப் பக்கம் பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் இங்கதான இருக்கேன்," என்றார், அவருக்கே அது சரிதானா என்று தெரியாத குரலில்.

அவருக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பொரிகடலை இருந்தது, முறுக்கு இருந்தது, கருப்பட்டி மூட்டை இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, கரன்ட்டும் எப்படியோ வந்தது. முற்றத்தில் வானம் தெரிகிறது, விடிகிறது, இருட்டுகிறது, ஆனால் ஒரு காக்காகூட உட்கார வரவில்லை என்று சொன்னார். சுவரைத் தட்டினால் மறுபக்கம் கேட்கவில்லை. முதல் நாள் அவர் கோபமாகப் பேசினார், இரண்டாம் நாள் பயந்து பேசினார், மூன்றாம் நாள் சும்மா பேசினார். நாலு வருஷத்தில் பேசாததை எல்லாம் அவர்கள் போனில் பேசினார்கள் என்று சொல்ல மாட்டோம். கடலைக்கு வண்டு வந்திருக்கா பாருங்க, மூட்டையைக் கீழ வைக்காதிய என்பது மாதிரிதான் பேசினார்கள். ஆனால் வாய் ஓயவில்லை.

தெரு அதற்குள் பழக ஆரம்பித்திருந்தது. எதற்கும் பழகுகிற தெரு அது. ஒவ்வொரு வாசலிலும் உள்ளே இன்னது என்று சாக்பீஸில் எழுதி வைத்தோம். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்த கூட்டம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து பட்டுக்குக் காத்திருந்துவிட்டுப் பிறகு விசாரித்துப் போனது. மசூது பாய் தன் மருந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சாரியில் செருப்புக்கடை வாசலுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்து அங்கே போய் உட்கார்ந்தார். மருந்து கேட்டு வருகிறவர்கள் வாசல் பெயர்ப்பலகையில் செருப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததும் தங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள், அது ஏன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பேரூராட்சியிலிருந்து ஓர் அம்மா படிவத்தோடு வந்தார். கதவு எண் என்று ஓர் இடம் இருந்தது, உள் எண் என்று இல்லை. வாசலுக்கு ஒரு மனு, உள்ளுக்கு ஒரு மனு, காணாமல் போன ஆளுக்குத் தனியாக ஒரு மனு என்று எழுதி வாங்கினார்.

"ஆளு காணாமப் போகல மேடம், கடையிலதான் இருக்காரு," என்றாள் வடிவு.

"கடை எங்க?"

"அதான் காணல."

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார்.

நாலாம் நாள் மந்திரம் ஆசாரி பலகைகளை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். எந்த வாசலில் எந்தத் தலைப்பலகை ஏறியதோ அந்தக் கடைதான் அங்கே உள்ளாக வருகிறது. மற்ற எட்டும் யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்துப் பலகையோடு கோக்கிற பள்ளம் தலைப்பலகைக்கு மட்டும் ஓர் ஓரத்தில் இருக்காது, பெயின்ட் அடித்தாலும் தடவிப் பார்த்தால் தெரியும். தெரு நெடுகத் தடவிக்கொண்டே போனார், நாங்கள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனோம். முப்பது இருந்தது. திரும்ப எண்ணினோம். முப்பதுதான்.

மாடிகளில் தேடினோம், சரக்கு அறைகளில் தேடினோம், பெயின்ட்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டோம், பெயின்ட்டைத்தான் திருடுவோம் பலகையை என்ன செய்யப்போகிறோம் என்றார்கள். தெருவின் இந்தப் பாதியில் தேடிவிட்டு அந்தப் பாதிக்கு, அந்தப் பாதியில் தேடிவிட்டு இந்தப் பாதிக்கு, பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகை வழியாக நாள் பூராவும் நடந்தோம். வடிவு மட்டும் அதன் மேல் ஏறவில்லை; இழுக்கிற காலை வைத்துக்கொண்டு ஒற்றைப் பலகையில் நடக்க முடியாதென்று பிள்ளையார் கோயில் முக்கைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஆவுடையப்பன் போனில் சொன்னார்: "மேல ஆளு நடக்காவட்டி."

"மேல ஓடுல்லா இருக்கு?"

"ஓட்டு மேல இல்ல. அதுக்கும் மேல. வானத்துல நடக்காவ. நாலு நாளாக் கேக்கு. உங்கிட்டச் சொன்னா பைத்தியம்பியோன்னு சொல்லல."

"தூங்குங்க கொஞ்ச நேரம்."

"குதிகால் செருப்பு போட்டுக்கிட்டு ஒரு பொம்பள தினமும் எட்டரைக்குப் போறா. பள்ளிக்கூடத்துக்குப் போறவ மாதிரி ஒரே நேரத்துல. வானத்துல பள்ளிக்கூடம் இருக்காட்டி?"

மனுஷனுக்குப் புத்தி கலங்குகிறது, இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்று நினைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி கடை வாசல் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னவோ போகுது," என்றார் அவர். "மனுஷக் காலு இல்ல. நாலு காலு. டொக்கு டொக்குன்னு. ஆடு மாதிரி இருக்கு. நடுவுல நின்னுட்டு. ஆ, இப்பப் போகுது."

வடிவின் கண் எதிரே பள்ளத்துப் பலகையின் மேல் ஓர் ஆடு நடுவில் நின்று, சுவரொட்டித் துண்டை மென்று விழுங்கிவிட்டு, அந்தப் பக்கம் இறங்கியது.

அவள் எழுந்து போனாள். பலகை பச்சை எல்லாம் தேய்ந்து மண் ஏறிக் கிடந்தது. குனிந்து ஓரத்தைத் தடவினாள், கோக்கிற பள்ளம் இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு பலகை மேல் ஏறினாள், ஓர் அடி வைத்தாள், இழுத்து இன்னோர் அடி வைத்தாள்.

போனில் அவர் பேச்சு நின்றது. அவளும் நின்றாள். மறுபடி ஓர் அடி.

"ஏட்டி," என்றார் அவர் மெதுவாக, "மேல போறது நீயா?"

"எப்படித் தெரியும்?"

"இடது கால இழுக்கியே."

கீழே சாக்கடைப் பள்ளம், இரண்டு பக்கமும் தெரு, நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், எதற்கு நடுவில் நிற்கிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

"இன்னும் வலிக்கா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

நாலு வருஷம் அதற்காகக் காத்திருந்தவள் மாதிரி அவள் ஆகாசத்தைப் பார்த்தாள், பிறகுதான் அவர் அங்கே இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறார் என்று நினைவு வந்து கீழே பார்த்தாள். "மழை வந்தா வலிக்கும்," என்றாள்.

விஷயம் தெரிந்ததும் தெரு மொத்தமும் பள்ளத்தைச் சுற்றிக் கூடிவிட்டது. கூடியதும் ஒரு சங்கடமும் வந்தது. மந்திரம் ஆசாரிதான் வாய் திறந்தார்.

"எம்மா, பாடை போன பலகை இது. இதைப் போயி வியாபாரம் செய்யுத எடத்துல நெலையில ஏத்துறதா? எங்கையால நான் ஏத்த மாட்டேன், கோவிச்சுக்காத. வேற பலகை இழைச்சுத் தாரேன்."

"வேற பலகையில வேற கடைதான வரும்?"

ஆசாரி அளவுகோலை மடக்கிப் பையில் வைத்தார்.

"பாடை போச்சு, சரி," என்றாள் வடிவு. "பெறவு ஆடு போச்சு. ஜெபமணி டீச்சர் தெனமும் பள்ளிக்கூடம் போனாவ. மசூது அண்ணன் மருந்துக்குப் போனாவ. நீரு அளவுகோலோட இருபது தடவ போனீரு. இப்ப நானும் போயிட்டேன். இனி யாரு பாக்கி?"

சொல்லிவிட்டுக் குனிந்து பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

போனில் அலறல் கேட்டது. "ஏட்டி! ஏட்டி! என்னவோ சாயுது! டின்னு எல்லாம் உருளுது, கெணத்துத் தண்ணி ஒரு பக்கமா ஏறி வருது!"

அவள் அப்படியே நிறுத்தினாள். முனையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. கடலை டின்கள் உருளுகிற சத்தம் போனிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க!" என்று கத்தினாள்.

மந்திரம் ஆசாரி துண்டை உதறி இடுப்பில் கட்டினார். "மறுமுனைய நான் பிடிக்கேன். மட்டமாத் தூக்கணும். மசூது பாய், நடுவுல கையக் குடும். ஒருத்தரும் குலுக்கப்பிடாது." அவரே தொட்டுவிட்ட பிறகு வேறு யார் தள்ளி நிற்பது? பன்னிரண்டு பேர் அந்த ஒரு பலகையைச் சேர்ந்து பிடித்து, தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தைத் தூக்குவது மாதிரி மட்டமாகத் தூக்கி, அடி மேல் அடி வைத்து நடந்தோம். சற்று முன்னால் போன பாடையைக்கூட இவ்வளவு மெதுவாகக் கொண்டுபோனதில்லை என்று பிறகு பேசிக்கொண்டோம், அது போய் ஐந்து நாள் ஆகியிருந்தது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. வடிவு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வாசலில் நிமிர்த்தும்போது மட்டும் உள்ளே ஏதோ பெரிதாக விழுந்தது.

"என்ன விழுந்துச்சு?"

"நான்தான்," என்றார்.

தலைப்பலகையை ஏற்றி, அதன் பிறகு எட்டையும் ஏற்றி, ஒரு மூச்சு விட்டுவிட்டு, ஒன்பதிலிருந்து இறக்க ஆரம்பித்தோம். ஒரு பலகை அகலத்துக்குக் கண்ணாடி ஜாடிகள் தெரிந்தன. இன்னொரு பலகை அகலத்துக்குத் தராசு. இன்னொன்றுக்குச் சிந்திய கடலை. எட்டுப் பலகை இறங்கியபோது ஆவுடையப்பன் முழுசாகத் தெரிந்தார், ஐந்து நாள் தாடியும் வேட்டியில் கருப்பட்டிக் கறையுமாக.

"வெளிய வாரும்வே!" என்று நாங்கள் கூப்பிட்டோம்.

அவர் வரவில்லை. மிச்சமிருந்த தலைப்பலகையை உள்ளிருந்து பிடித்தார். வெளியிலிருந்து வடிவு பிடித்திருந்தாள். "நீ காலத் தள்ளி வச்சுக்கோ," என்றார். இரண்டு பேருமாக அதை இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு மற்ற கடைகளையும் அதனதன் இடத்துக்கு மாற்ற முயன்றோம். பாதி மாறியது. சிலர் பழகிவிட்டது இருக்கட்டும் என்றார்கள், மசூது பாய் இன்னும் செருப்புக்கடைக்குள்தான் இருக்கிறார், போட்டோ ஸ்டூடியோவைப் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது.

போன வாரம் தெருவில் மறுபடி சங்குச் சத்தம் கேட்டது. எல்லோரும் பலகையைத் தொட்டோம், தொட்ட கையை எடுத்துவிட்டு, ஏற்றுவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆவுடையப்பன்தான் முதலில் தலைப்பலகையைத் தோளில் எடுத்தார். வெளியே வந்து நிற்கப் படியிறங்கிய வடிவு, என்ன நினைத்தாளோ, திரும்பிக் கடைக்குள் ஏறினாள். அவரும் ஒன்றும் கேட்காமல் அவள் பின்னால் ஏறி, உள்ளே இருந்தபடியே பலகையைப் பள்ளத்தில் ஏற்றித் தள்ளினார். இரண்டாவதை அவள் எடுத்துக் கொடுத்தாள், மூன்றாவதை, நாலாவதை. ஒன்பதாவதும் ஏறியது.

பாடை போயிற்று. முக்கும் திரும்பிவிட்டது. மற்ற கடைகள் எல்லாம் திறந்தாயிற்று. அந்தப் பலகைகளுக்குப் பின்னால் கருப்பட்டி உடைக்கிற சத்தமும் யாரோ எதற்கோ சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. நாங்கள் வாசலில் நிற்கிறோம், தட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல்.